கூப்பிட்டால் பதில் சொல்லாத பிள்ளை

இந்த ஊரில் பிள்ளைக்குச் சோறு ஊட்டுவது தெருவில் நடக்கிற வேலை. மத்தியானமானால் மெட்ராஸ் ஓரத்துக் கள்ளிக்குப்பத்தில் எங்கள் தெருவின் வாசல்தோறும் ஒரு தாய் கிண்ணத்தோடு நிற்பாள். பிள்ளை இடுப்பில் இருக்கும், இல்லையென்றால் அவள் கைக்கு எட்டாத தூரத்தில் ஓடிக்கொண்டிருக்கும். காக்கா, நாய்க்குட்டி, பால்காரர் மாடு எல்லாம் காட்டி முடிந்த பிறகு பயமுறுத்தல் ஆரம்பமாகும். பூச்சாண்டி வருவான், கோணிப்பைக்காரன் வருவான், ஊசி போடுகிற டாக்டர் வருவார். எங்கள் தெருவுக்கென்று தனியாக ஒன்று இருந்தது. "தோ மிலிட்டரிக்காரன் வரான் பாரு. துன்னாத புள்ளைய லாரில ஏத்திக்கினு பூடுவான்." இதைக் கேட்டதும் பிள்ளைகள் கெக்கலித்துச் சிரித்துக்கொண்டே வாயைத் திறக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இந்தத் தெருவில் குடியேறிய முதற்கிழமை இதைக் கேட்டபோது, கையில் இருந்த வாளியை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். வெய்யில் ஒத்துக்கொள்ளவில்லையாக்கும் என்று தெருப் பெண்கள் நினைத்தார்கள்.

அது எண்பதுகளின் நடுவில். இப்போது தொண்ணூறுகள் ஆரம்பித்துவிட்டன. நான் இந்தப் பக்கத்தில் பழைய ஆளாகிவிட்டேன். ஊரிலிருந்து புதிதாக வருகிற தாய்மார் யாராவது ஒருவர் மூலம் விசாரித்துக்கொண்டு என்னிடம் வந்துசேருகிறார்கள். போன கிழமை மன்னாரிலிருந்து ராணி வந்தாள். மூன்று வயது மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தவள், இன்னும் பொலிஸில் பதியவில்லை. தங்க இடமும் இல்லை. என் வீட்டுப் பின்னறையில் இருக்கிறாள். பிள்ளை இரவில் பாயை நனைக்கிறாளாம், சோறு இறங்கவில்லையாம், பட்டாசு வெடித்தால் கட்டிலுக்குக் கீழே போய்விடுகிறாளாம். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பாய் நனைந்ததற்கு ஏசாதே. விடியற்காலையில் சத்தமில்லாமல் மாற்றிவிடு. நீ படுக்கப்போகுமுன் ஒருதரம் தூக்கிக்கொண்டுபோய் மூத்திரத்துக்கு இருத்து. சோற்றை அள்ளித் திணிக்காதே. உன் சோற்றுக்கோப்பையிலிருந்து அவளே எடுக்கட்டும். ஒவ்வொரு சத்தத்தையும் அவளுக்குக் கொண்டுபோய்க் காட்டு. தொழிற்பேட்டை எஸ்டேட்டில் ஊதுகிற சங்கு, ஸ்டேஷனில் நிற்கிற எலெக்ட்ரிக் ட்ரெயின், ஆவடிப் பக்கத்திலிருந்து கிளம்புகிற விமானம், எதுவாக இருந்தாலும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், இது இன்னது, இது நமக்கு ஒன்றும் செய்யாது என்று சொல். கண்ணால் பார்த்த சத்தத்துக்குப் பிள்ளை கொஞ்சம் குறைவாகப் பயப்படும். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு அவள் கடைசியாக ஒன்று கேட்டாள். "அக்கா, ஆராவது கூப்பிட்டா பதில் சொல்லப் பழக்கட்டோ, வேண்டாமோ?" நாளைக்குச் சொல்கிறேன் என்று எழும்பிவிட்டேன். இந்தக் கட்டுரை அவளுக்குச் சொல்லாமல் விட்ட பதில்தான்.

ஊரில் எங்கள் வீட்டு வளவின் கிணற்றடியில், வாழைகளுக்குப் பின்னால், ஒரு பங்கர் வெட்டியிருந்தோம். மேலே தென்னங்குற்றிகளை அடுக்கி மண் போட்ட குழி. ஒருநாள் விடியற்காலை ஆமிக்காரர் வளவுக்குள் வந்தபோது என் தம்பி அதற்குள் ஒளித்திருந்தான். அவர்கள் எங்கேயும் தேடவில்லை. முற்றத்தில் அம்மாவை நிற்கவைத்து, மகனைக் கூப்பிடு, இரண்டு கேள்வி கேட்டுவிட்டு விட்டுவிடுகிறோம் என்றார்கள். அம்மா நம்பினாள். "தம்பி, வாடா ராசா, ஒண்டும் செய்யமாட்டினமாம்" என்று கூப்பிட்டாள். அம்மாவின் குரல் கேட்டதால் அவன் வந்தான். கட்டியிருந்த சாரத்தில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே வந்தான். ட்ரக்கில் ஏற்றிக்கொண்டு போனார்கள், இன்றுவரை வரவில்லை. அதற்குப் பிறகு அம்மா வீட்டில் ஒருவரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கிட்டே வந்து தோளைத் தொடுவாள், அவ்வளவுதான்.

அப்போது என் மகள் துஷிக்கு மூன்று வயது. அவளுடைய அப்பா ஜெர்மனிக்குப் போய் அகதி விசாவுக்குக் காத்துக்கொண்டிருந்தார். நான் தனியாக இருந்தேன். பிள்ளைக்கு ஒரு விளையாட்டுப் பழக்கினேன். பூட்ஸ் சப்பாத்துச் சத்தம் கேட்டால், காக்கி, பச்சை உடுப்புப் போட்ட ஆளைக் கண்டால், நிலத்துக்குக் கீழே போய்விடவேண்டும். மேலே மூடி இருக்கிற இடமாகப் பார்க்கவேண்டும். மூச்சுச் சத்தம்கூட வரக்கூடாது. யார் கூப்பிட்டாலும் பதில் சொல்லக்கூடாது, அம்மாவே கூப்பிட்டாலும் சொல்லக்கூடாது. அம்மா கிட்டே வந்து கையால் தொட்டால் மட்டும் எழும்பி வரலாம். நான் வளவெல்லாம் நின்று "துஷி, துஷி" என்று அழுவதுபோல் கூப்பிடுவேன். வராமல் இருந்தால் ஒரு தோடம்பழ இனிப்பு. முதலில் இரண்டொருதரம் சிரித்துவிட்டாள், பிறகு கெட்டிக்காரியாகிவிட்டாள். எங்கள் ஒழுங்கையில் வேறு தாய்மாரும் இதைக் கேட்டுப்போய்த் தங்கள் பிள்ளைகளுக்குப் பழக்கினார்கள். அங்கே அதுதான் பிள்ளை வளர்ப்பு. இன்றைக்கும் அதைத் தப்பென்று நான் சொல்லமாட்டேன்.

நானும் துஷியும் மட்டும் படகில் இராமேஸ்வரத்தில் வந்து இறங்கி, தெரிந்தவர் ஒருவர் மூலம் இங்கே முதலில் ஒற்றை அறை வாடகைக்கு எடுத்தோம். பக்கத்து வீடு சரோஜாக்கா. ஒருகாலத்தில் இந்தப் பக்கத்து வயல்களில் நாற்று நட்ட குடும்பம். வயலெல்லாம் ப்ளாட் கல் நட்டு வீடாகிக்கொண்டிருந்தது. அவளுடைய புருஷன் எஸ்டேட்டில் ஒரு கம்பெனிக்குப் போனான். எங்களை "சிலோன்காரம்மா" என்று ஊருக்கெல்லாம் அறிமுகப்படுத்தியவள் அவள்தான். கேட்காமலே வந்து என் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவாள். முதலில் எனக்கு உயிர் போய்விடும். எங்கே கொண்டுபோகிறாய் என்று பின்னால் ஓடுவேன். "இன்னா ஓடியாற, நான் இன்னா புள்ள புடிக்கறவளா? எம் புள்ளைங்களோட உக்காந்து துன்னட்டும், நீ போய் உன் வேலய பாரு" என்பாள். நாலைந்து மாதத்தில் நானும் பழகிவிட்டேன்.

தெரு முனையில் ஏழுமலை என்று ஒருவர் குடியிருந்தார். ஆவடி கேம்ப்பில் வேலை. வேலூர்ப் பக்கத்துக்காரர், பெரிய மீசை, காக்கி உடுப்பு, கனத்த சப்பாத்து. மத்தியானம் டியூட்டி முடிந்து சைக்கிளில் வருவார். ஊட்டுகிற தாய்மாருக்கு அவர்தான் மிலிட்டரிக்காரன். அவரும் சளைக்கமாட்டார். சைக்கிளை நிறுத்தி, காலை ஓங்கித் தரையில் மிதித்து, மீசையை முறுக்கி, "எந்தப் புள்ள சாப்பிடல? லாரி ரெடியா இருக்கு" என்பார். பிள்ளைகள் ஓவென்று கத்தி, வாய் நிறைய வாங்கிக்கொள்ளும். பிறகு அவர் பையிலிருந்து பொரிவிளங்காய் உருண்டை எடுத்து ஆளுக்கொன்று கொடுப்பார். நான் அவரைக் கண்டாலே தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விடுவேன். துஷியை அந்த நேரத்தில் வெளியே விடவேமாட்டேன். ஏனென்று சரோஜாக்காவிடம் சொல்லியிருக்கவேண்டும். எப்படிச் சொல்வது? உன் தெருவில் இருக்கிற நல்ல மனுஷனைப் பார்த்தால் எனக்குக் கைகால் நடுங்குகிறது என்று வந்த இடத்தில் எப்படிச் சொல்வது?

அன்றைக்கு மண்ணெண்ணெய் வந்திருந்தது. கடையில் நீள வரிசை. துஷியைச் சரோஜாக்காவிடம் விட்டுவிட்டுப் போனேன். திரும்பி வரும்போது வெய்யில் சாய்ந்துவிட்டது. தெருமுனையிலேயே எனக்குத் தெரிந்துபோயிற்று. ஆட்கள் கூட்டமாக நின்று எல்லோரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். சரோஜாக்கா தலைவிரிகோலமாக ஓடிவந்தாள்.

"சோறு ஊட்டிக்கினு இருந்தம்மா. எப்பவும் போல மிலிட்டரி வரான்னேன். அவரும் வந்தாரு, மாமூலா கால உதைச்சாரு. எம் புள்ளைங்க சிரிச்சிக்கினு துன்னுச்சுங்க. உம் பொண்ணு மெதுவா எந்திரிச்சுப் போச்சு. உங்க ஊட்டுக்குத்தான் போவுதுன்னு நெனச்சேன். அழக்கூட இல்ல. அப்புறம் பாத்தா எங்கயும் காணோம்."

அழக்கூட இல்லை என்று அவள் சொன்னதும் எனக்குப் பாதி விளங்கிவிட்டது. ஆனால் மூளை ஓடவில்லை. மண்ணெண்ணெய் டின்னை எங்கே வைத்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. ஆண்கள் ஏரிக்கரைக்கும் ரெயில் தண்டவாளத்துக்கும் ஓடினார்கள். பழைய வயல் கிணறுகள் அப்போது திறந்தபடியே கிடந்தன. அங்கே சில பேர் போனார்கள். மிச்சம் இருந்த தெரு முழுவதும் தொண்டை கிழியக் கூப்பிட்டது. "துஷி! துஷி பாப்பா!" எல்லோரையும்விடப் பெரிய குரல் ஏழுமலையுடையது. உடுப்பைக்கூட மாற்றாமல், சப்பாத்து தடதடக்க வீடுவீடாக ஓடிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நானும் கூப்பிட்டேன். என் வாயிலிருந்து என் அம்மாவின் குரல் வந்தது. "வாம்மா ராசாத்தி, ஒண்டும் செய்யமாட்டினம்."

அந்த வார்த்தை வெளியே வந்ததும் நான் அப்படியே நின்றுவிட்டேன். இந்தத் தெருவில் எங்கேயோ ஒரு குழிக்குள் என் பிள்ளை இருந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். சப்பாத்துச் சத்தம் கேட்கிறது, ஆம்பிளைக் குரல்கள் பேர் சொல்லிக் கத்துகின்றன, கடைசியில் அம்மாவும் அழுதபடி கூப்பிடுகிறாள். நான் பழக்கிய விளையாட்டில் எது எது இருந்ததோ அத்தனையும் இருக்கிறது. நாங்கள் எவ்வளவு கூப்பிடுகிறோமோ அவ்வளவுக்கு அவள் மூச்சை அடக்குவாள்.

"கூப்பிடாதேங்கோ" என்றேன். "தயவுசெய்து ஒருத்தரும் கூப்பிடாதேங்கோ."

சரோஜாக்கா என்னை உற்றுப் பார்த்தாள். "இன்னாம்மா பேசற? கூப்டாம எப்டி தேடறது?" கூட்டத்தில் யாரோ, பாவம் புத்தி கலங்கிப்போச்சு, தண்ணி குடுங்க என்றார்கள். அப்போது ஏழுமலை மூச்சு வாங்க என் முன்னால் வந்து நின்றார். "அம்மா, பாப்பா என்ன டிரஸ் போட்டிருந்துச்சு? வழக்கமா எங்க போய் ஒளியும், சொல்லுங்க" என்றார். "தெரியாது" என்றேன். என்னை அறியாமல் வந்த பதில் அது. உடுப்புக்காரன் கேட்டால் எங்கள் ஊரில் எல்லோருக்கும் ஒரே பதில்தான். "தெரியாதுன்றியே, காலைல நீதான பச்ச கவுன் போட்டு உட்ட" என்று சரோஜாக்கா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். நான் அவருடைய இடுப்புப் பட்டியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவருக்கு என்ன தோன்றியதோ தெரியாது. என் பார்வை போன இடத்தைப் பார்த்தார். பிறகு அப்படியே தெருவில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றினார். பட்டியை அவிழ்த்துச் சரோஜாக்காவின் வாசலில் போட்டார். சட்டையையும் கழற்றிவிட்டுப் பனியனோடு நின்றார். வியர்வையில் நனைந்த, நெஞ்சுப்பக்கம் ஓட்டை விழுந்த பனியன். "என்னப் பாத்து பயந்துதான போயிருக்கு," என்றார். குரல் இறங்கிவிட்டது. "எனக்கும் ரெண்டு பொம்பளப் புள்ளைங்க ஊர்ல இருக்குதுங்கம்மா. உங்க ஊர்ல புள்ளைங்கள எங்க ஒளிச்சு வைப்பீங்க? அத மட்டும் சொல்லுங்க."

பயம் என்று எத்தனையோ பட்டிருக்கிறேன். தலைக்குமேல் ஹெலி சுற்றும்போது பட்டது, நடுக்கடலில் படகின் இயந்திரம் நின்றபோது பட்டது. அந்தக் கேள்விக்கு முன்னால் நின்ற பயம் வேறு. எங்கள் பிள்ளைகளை எங்கே ஒளிக்கிறோம் என்று நான் ஒரு உடுப்புக்காரனுக்குச் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் பிள்ளை இல்லை. என் தம்பியின் முகம் முன்னுக்கு வந்து நின்றது. கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். "நிலத்துக்குக் கீழை. மேலே மூடி இருக்கிற இடம்."

"ஐயோ," என்றாள் சரோஜாக்கா. "மேஸ்திரி கட்டற ஊட்ல சம்பு தோண்டிக் கீது."

வீட்டு முன்னால் நிலத்துக்கடியில் கட்டுகிற தண்ணீர்த் தொட்டிக்கு இங்கே சம்பு என்று பேர். எங்கள் தெருவுக்குப் பின்னால் கட்டிக்கொண்டிருந்த வீட்டில் முந்தின நாள்தான் அதற்குப் பூச்சுவேலை முடித்திருந்தார்கள். ஓடினோம். கிட்டே போகும்போதே மோட்டார்ச் சத்தம் கேட்டது. கசிகிறதா என்று பார்ப்பதற்காகக் கிணற்றிலிருந்து ஹோஸை உள்ளே விட்டு மோட்டாரைப் போட்டுவிட்டு, வேலையாட்கள் தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தார்கள். வாயைப் பாதி மூடித் தகரம் கிடந்தது. ஏழுமலை மோட்டாரை நிறுத்தப் பின்பக்கம் ஓடினார். நான் தகரத்தை இழுத்துத் தள்ளினேன்.

துஷி மூலையில் சுவரோடு ஒட்டி நின்றாள். தண்ணீர் அவள் நெஞ்சுக்கு மேலே வந்திருந்தது. கொத்தனார் விட்டுப்போன மரஏணி எதிர்ப்பக்கத்தில் இருந்தது, ஏறி வந்திருக்கலாம். ஏறவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தாள். என் முகம் தெரிந்தது அவளுக்கு. அப்படியும் அசையவில்லை. "வாம்மா" என்று நான் சொல்லவில்லை. ஏணியால் இறங்கித் தண்ணீருக்குள் போய் அவள் தோளைத் தொட்டேன். அப்போதுதான் பிடித்துவைத்திருந்த மூச்சை விட்டாள். உடம்பு முழுக்க உதறிக்கொண்டிருந்தது. என் கழுத்தைக் கட்டிக்கொண்டு காதுக்குள் சொன்னாள். "அம்மா, நான் சத்தமே போடேல்லை. தண்ணி வரவும் போடேல்லை."

இனிப்புக் கேட்கிற பிள்ளையின் குரல். "கெட்டிக்காரி" என்றேன். மேலே குனிந்து பார்த்துக்கொண்டிருந்த சரோஜாக்கா வாய்விட்டு அழுதாள்.

பழக்கியதை மறக்கப் பண்ணுவது, பழக்குவதைவிடப் பத்து மடங்கு பாடு. அவசரப்படாதீர்கள் என்பதுதான் நான் தாய்மாருக்குச் சொல்வது. "இனிமேல் பயமில்லை" என்று சொன்னால் பிள்ளை நம்பாது, உங்கள் முகம் வேறு சொல்கிறபோது எப்படி நம்பும்? நாங்கள் அறைக்குள்ளேயே தொடங்கினோம். நான் அடுப்படிக் குசினியில் நின்று கூப்பிடுவேன். அவள் "ஓம்" என்று பதில் சொன்னால் நானே அவளிடம் ஓடிப்போவேன். பிறகு வாசலிலிருந்து, பிறகு சரோஜாக்கா வீட்டிலிருந்து. உங்கள் பிள்ளை எதற்குப் பயப்படும் என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள், வெட்கப்படாதீர்கள். சரோஜாக்கா தெரு முழுக்கப் போய்ச் சொன்னாள். "இனிமே எவளாவது மிலிட்டரின்னு சொல்லி சோறு ஊட்னா கிண்ணத்த புடுங்கிடுவேன்." கொஞ்ச நாள் தெருப் பிள்ளைகள் ஒன்றும் சரியாகச் சாப்பிடவில்லை என்று புகார். ஏழுமலை உடுப்பைப் பையில் வைத்துக்கொண்டு வேட்டி சட்டையில் சைக்கிள் ஓட்டி வந்தார். ஒன்றரை வருஷம் கழித்து மாற்றலாகி வடக்கே போகும்போது, துஷி முதல்முறையாக அவருக்குக் கை காட்டினாள். நான் உள்ளேதான் நின்றேன்.

இப்போது துஷிக்குப் பத்து வயது. மெட்ராஸ் பாஷைதான் பேசுகிறாள். யார் கூப்பிட்டாலும் இரண்டாம் தரம் கூப்பிட வைக்கமாட்டாள். "இன்னாக்கா", "தோ வரேன்" என்று தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பதில் சொல்லிக்கொண்டே ஓடுவாள். அப்பாவின் கடிதம் வந்தால் தபால்காரரின் குரலுக்கு முதலில் ஓடுவதும் அவள்தான். ஜெர்மன் விசா இன்னும் வரவில்லை. ஊரில் சண்டை முடியவில்லை. இங்கேயும் காற்று மாறிவிட்டது. சிலோன்காரர் இருக்கிற வீடுகளைப் பொலிஸ் வந்து விசாரித்துப்போகிறது, திருப்பி அனுப்புகிறார்கள் என்றும் கதைக்கிறார்கள். அதனால்தான் ராணி கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை. பிள்ளை இங்கேயே வளரப்போகிறது என்றால் பதில் சொல்லப் பழக்கு. திரும்பிப் போகவேண்டி வந்தால்? எந்த ஊருக்கென்று பழக்குவது?

இதை எழுதிக்கொண்டிருந்தபோது, இன்று காலை பத்துமணிபோல, வாசலில் சைக்கிள் ஸ்டாண்ட் போடுகிற சத்தம் கேட்டது. பிறகு சப்பாத்துச் சத்தம். "இந்த வீட்ல சிலோன்காரங்க யாரு?" என்று ஒரு குரல். பின்னறையில் ராணி மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். நான் திரும்பிப் பார்க்குமுன் அங்கே ஒருவரும் இல்லை. சீப்பு மட்டும் தரையில் கிடந்தது. பின்கதவுக்கு அந்தப்பக்கம் தண்ணீர்த் தொட்டி மறைவில் இருவரும் போய்விட்டார்கள். துஷி பாடப்புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு முன்கதவுக்கு ஓடினாள். "நாங்கதான் சார், வாங்க சார்" என்றாள். கணீரென்ற குரல். நான் சொல்லிக்கொடுத்த குரல்.

இளவயதுக் காவலர். மரியாதையாகத்தான் பேசினார். "வீட்ல மொத்தம் எத்தன பேரும்மா?" என்று கேட்டார்.

நான் நடு அறையில் நின்றேன். துஷி என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல இவ்வளவு நேரமா என்று அவளுக்கு ஆச்சரியம். "அம்மா, கேக்கறாரு இல்ல, சொல்லு" என்றாள். பின்கதவுக்கு அந்தப்பக்கத்தில் ராணியின் பிள்ளை மூச்சுவிடுகிற சத்தம்கூட இல்லை. முன்னால் என் மகள் நான் சொல்லப்போவதற்காகக் கதவைப் பிடித்தபடி காத்துக்கொண்டிருந்தாள். அவர் மறுபடியும் கேட்டார். இரண்டா, நாலா என்று தெரியாமல் நான் நின்றேன்.